மருந்துப் பெயரும் நோயாளி பேச்சும் – எக்செல்லில் ஒரு மொழியியல் ஆய்வு

பார்ம் டி படிக்கும் மாணவர்களும் மொழியியல் படிக்கும் மாணவர்களும் புராஜெக்ட் சமயத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "கம்ப்யூட்டரை வைத்து என்ன தலைப்பு எடுக்கலாம்?" இரண்டு கூட்டத்தாருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்வது வழக்கம்: மற்றவரின் துறையைப் போய்ப் பாருங்கள், தலைப்பு அங்கே இருக்கிறது.

எங்கள் செம்மங்குப்பம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு இது நல்ல இடம். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஒரே வளாகத்தில் மருந்தியல் துறையும் மொழியியல் துறையும் உள்ளன. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், ச. அகத்தியலிங்கம் போன்ற பெரியவர்கள் பணியாற்றிய மொழியியல் துறை அது. பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை. 1985ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021ல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிய கல்லூரி அதனுடையது. மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். ஆய்வுக்கு வேண்டிய எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் இரண்டு சிறு ஆய்வுகளைப் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். விலை கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். மாணவர் அல்லாத வாசகர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இரண்டு படிப்பும் எங்கே சந்திக்கின்றன?

கிளினிக்கல் பார்மசி என்பது மருந்தைத் தயாரிப்பதைப் பற்றிய படிப்பு அல்ல. நோயாளிக்குச் சரியான மருந்து, சரியான அளவில் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு உடம்பில் என்ன செய்தது என்று பார்க்கும் படிப்பு. இந்தியாவில் பார்ம் டி படிப்புக்கான விதிமுறைகளை இந்திய மருந்தியல் கவுன்சில் 2008ல் கொண்டு வந்தது. ஐந்து வருடம் வகுப்பு, ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி என்று மொத்தம் ஆறு வருடம். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது இந்தப் படிப்பின் முக்கியமான பகுதி.

கணினி மொழியியல் என்பது மனிதர் பேசும், எழுதும் மொழியைக் கம்ப்யூட்டர் கையாளும்படி செய்வது. ஸ்பெல் செக்கர், தேடுபொறி, மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குவது எல்லாம் இதில் அடங்கும்.

இந்த இரண்டும் இரு இடங்களில் முட்டிக் கொள்கின்றன. ஒன்று, மருந்தின் பெயர். இன்னொன்று, மருந்து சாப்பிட்டவர் சொல்லும் புகார். பெயரும் மொழிதான், புகாரும் மொழிதான். இரண்டில் எது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் பாதிப்பு நோயாளிக்குத்தான்.

பெயர் மாறினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒமிப்ரசோல் என்ற வயிற்றுப் புண் மருந்து முதலில் லோசெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் என்ற மருந்தோடு அந்தப் பெயர் குழம்பியது. அதனால் 1990ல் பிரைலோசெக் என்று பெயரை மாற்றினார்கள். பிறகு அந்தப் பெயரும் மனச்சோர்வுக்கான புரோசாக் என்ற மருந்தோடு குழம்புவதாகப் புகார் வந்தது! இதுபோலவே பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டா என்ற மருந்தோடு குழம்பியதால், 2016ல் டிரின்டெலிக்ஸ் ஆனது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பால்சிகோ, பால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளைப் பற்றிய வழக்கு அது. கேடிலா என்ற ஒரே பெயரைக் கொண்ட இரண்டு நிறுவனங்கள் எதிரெதிரே நின்றன. 2001ல் வந்த தீர்ப்பில், மற்ற பொருட்களின் பெயர்களை ஒப்பிடுவதைவிடக் கண்டிப்பாக மருந்துப் பெயர்களை ஒப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நம் நாட்டில் பல மொழிகள் பேசப்படுவதையும், ஆங்கிலம் தெரியாதவர்கள் ஏராளமாக இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் குறிப்பிட்டது. ஆங்கிலத்தில் வேறு மாதிரி தெரியும் இரண்டு பெயர்கள், தமிழ் காதுக்கு ஒன்றாகக் கேட்கலாம் அல்லவா? நம் முதல் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

எழுத்துத் தூரம் என்றால் என்ன?

இரண்டு பெயர்கள் எவ்வளவு நெருக்கம் என்பதைக் கம்ப்யூட்டருக்கு எண்ணாகத்தான் சொல்ல முடியும். இதற்கு 1965ல் சோவியத் நாட்டு அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் ஒரு வழி சொன்னார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற, குறைந்தது எத்தனை திருத்தம் வேண்டும் என்று எண்ணுங்கள். ஓர் எழுத்தைச் சேர்ப்பது ஒரு திருத்தம். ஓர் எழுத்தை நீக்குவது ஒரு திருத்தம். ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தைப் போடுவதும் ஒரு திருத்தம். இந்த எண்ணைத்தான் எழுத்துத் தூரம் என்கிறோம்.

"படம்" என்பதைப் "பாடம்" ஆக்க ஒரு திருத்தம். ப என்பதை எடுத்துவிட்டுப் பா போட்டால் போதும். தூரம் 1. "மரம்" என்பதை "மருந்து" ஆக்கப் பாருங்கள். ர என்பது ரு ஆக வேண்டும், ம் என்பது ந் ஆக வேண்டும், து சேர வேண்டும். தூரம் 3.

சிறிய சொல் என்றால் கையால் எண்ணிவிடலாம். பெரிய பெயர்களுக்கு எக்செல் கட்டம் போடுவோம்.

எக்செல்லில் செய்வது எப்படி?

டோபமைன், டோபுடமைன் என்ற இரண்டு மருந்துகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகள். குழம்பும் பெயர்ப் பட்டியல்களில் தவறாமல் இடம் பிடிக்கும் ஜோடி.

படி 1: எக்செல்லில் புதிய ஷீட் ஒன்றைத் திறங்கள். சி1 செல்லில் தொடங்கி, வலது பக்கமாக ஒரு செல்லுக்கு ஓர் எழுத்து வீதம் டோ, ப, மை, ன் என்று டைப் செய்யுங்கள். எப்1 வரை வரும்.

படி 2: ஏ3 செல்லில் தொடங்கி, கீழ்நோக்கி டோ, பு, ட, மை, ன் என்று டைப் செய்யுங்கள். ஏ7 வரை வரும்.

படி 3: பி2 செல்லில் 0 போடுங்கள். அதே வரிசையில் வலது பக்கம் 1, 2, 3, 4 என்று போடுங்கள். பி2க்குக் கீழே 1, 2, 3, 4, 5 என்று போடுங்கள்.

படி 4: இப்போது சி3 செல்லில் ஃபார்முலா எழுத வேண்டும். மூன்று எண்களில் எது சிறியதோ அதுதான் விடை. இடது பக்க செல்லோடு 1 கூட்டினால் வருவது முதல் எண். மேலே உள்ள செல்லோடு 1 கூட்டினால் வருவது இரண்டாவது எண். மூலைவிட்டமாக மேலே இடது பக்கம் உள்ள செல்லை எடுத்து, தலைப்பு எழுத்துகள் இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 கூட்டினால் வருவது மூன்றாவது எண். சிறியதை எடுக்க மின் ஃபங்ஷன், எழுத்துகளை ஒப்பிட இஃப் ஃபங்ஷனுக்குள் எக்ஸாக்ட் ஃபங்ஷன் பயன்படுத்துங்கள். தலைப்பு செல்களைக் குறிப்பிடும்போது சி$1, $ஏ3 என்று டாலர் குறி போட மறக்காதீர்கள். அப்போதுதான் காப்பி செய்யும்போது தலைப்பு நகராமல் இருக்கும்.

படி 5: சி3ஐக் காப்பி செய்து எப்7 வரை பேஸ்ட் செய்யுங்கள். வலது கீழ் மூலையில், அதாவது எப்7ல் வரும் எண்தான் தூரம்.

உங்கள் கட்டம் சரிதானா என்று பார்க்க, ஒவ்வொரு வரிசையிலும் வர வேண்டிய எண்கள் இதோ:

டோ வரிசை: 1, 0, 1, 2, 3
பு வரிசை: 2, 1, 1, 2, 3
ட வரிசை: 3, 2, 2, 2, 3
மை வரிசை: 4, 3, 3, 2, 3
ன் வரிசை: 5, 4, 4, 3, 2

கடைசி எண் 2. ப என்பது பு ஆவது ஒன்று, ட சேர்வது ஒன்று. கண்ணால் பார்த்தாலும் அதுதான் சரி. ஆங்கில எழுத்துகளில் இதே ஜோடிக்குத் தூரம் 3 வருகிறது. அங்கே பி போய் வேறு எழுத்து வர வேண்டும், இன்னும் இரண்டு எழுத்து சேர வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களிலும் வரும் உதட்டு ஒலிகளுக்கு வெவ்வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரம்தான். வேறுபாடு காட்டிக்கொண்டிருந்த ஓர் எழுத்து தமிழுக்கு வந்ததும் காணாமல் போய்விட்டது.

தமிழில் எதை எழுத்து என்று எண்ணுவது?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. "டோ" என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறிகள்: ட ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. எக்செல்லில் லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள். டோபமைன் என்பதற்கு 4 என்று வராது, 7 என்று வரும். ஹைட்ராக்சிசின் என்பதற்கு 14 வரும். நாம் எண்ணினால் 7 எழுத்துதான். இதனால்தான் மேலே ஒவ்வொரு செல்லிலும் எழுத்தைப் பிரித்து டைப் செய்யச் சொன்னேன். பைத்தான் தெரிந்தவர்கள் ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினால், சொல்லைத் தமிழ் எழுத்துகளாக அதுவே பிரித்துக் கொடுக்கும்.

குறியை எண்ணுவதா, எழுத்தை எண்ணுவதா என்பதில் விடையே மாறும். நான்கு ஜோடிகளை நான் கட்டம் போட்டுப் பார்த்ததில் கிடைத்தது இது:

டோபமைன் – டோபுடமைன்: ஆங்கிலத்தில் 3, தமிழ் எழுத்தில் 2, யூனிகோட் குறியில் 2
ஹைட்ராக்சிசின் – ஹைட்ரலசின்: ஆங்கிலத்தில் 3, தமிழ் எழுத்தில் 3, குறியில் 5
பிரெட்னிசோன் – பிரெட்னிசோலோன்: ஆங்கிலத்தில் 2, தமிழ் எழுத்தில் 1, குறியில் 2
பால்சிகோ – பால்சிடாப்: ஆங்கிலத்தில் 3, தமிழ் எழுத்தில் 2, குறியில் 4

இதைப் பார்த்ததும் "தமிழில் எழுதினால் மருந்துப் பெயர்கள் நெருங்கிவிடுகின்றன" என்று முடிவு எழுதத் தோன்றும். அவசரப்படக் கூடாது. தமிழில் எழுதும்போது பெயரின் நீளமும் குறைகிறது. பத்து எழுத்தில் 3 மாறுவதும் ஐந்து எழுத்தில் 2 மாறுவதும் ஒன்றா? எனவே தூரத்தை, இரண்டில் நீளமான பெயரின் எழுத்து எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். டோபமைன் ஜோடிக்கு ஆங்கிலத்தில் 3ஐ 10ஆல் வகுத்தால் 0.30. தமிழில் 2ஐ 5ஆல் வகுத்தால் 0.40. இப்போது தமிழில்தான் தூரம் அதிகம்!

இன்னும் ஒரு திருத்தம் தேவை. ப என்பது பு ஆவதும், க் என்பது ல ஆவதும் காதுக்கு ஒரே அளவு வித்தியாசம் இல்லை. மெய் மாறாமல் உயிர் மட்டும் மாறினால் அரை மதிப்பெண் என்று வைத்துப் பாருங்கள். டோபமைன் ஜோடி 1.5 ஆகிறது. 5ஆல் வகுத்தால் 0.30. ஹைட்ராக்சிசின் ஜோடி 2.5 ஆகிறது. 7ஆல் வகுத்தால் 0.36. பிரெட்னிசோன் ஜோடி 0.14. பால்சிகோ ஜோடி 0.40.

வரிசையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஹைட்ராக்சிசின் ஜோடி 0.27, டோபமைன் ஜோடி 0.30. அதாவது ஹைட்ராக்சிசின் ஜோடிதான் அதிக நெருக்கம். தமிழில் அது தலைகீழாகிறது. ஆக, "ஆங்கிலத்தில் போட்ட அபாயப் பட்டியலின் வரிசை தமிழுக்கு அப்படியே பொருந்தாது" என்று சொல்லலாம். நான்கு ஜோடிகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல முடியாது. நானூறு ஜோடிகளை எடுத்துக்கொண்டு, அரை மதிப்பெண் சரிதானா என்று பத்துப் பேரைக் கேட்க வைத்துச் சோதித்தால், அது ஒரு நல்ல முதுகலை புராஜெக்ட்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் குழப்பும் பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2001ல் இந்த முறையைக் கொண்டு வந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. தடித்த எழுத்தா, நிறமா, அடிக்கோடா எது உதவும் என்று பார்ப்பதும் ஒரு தலைப்புதான்.

தூரம் வேறு, ஆபத்து வேறு

கட்டத்தில் குறைந்த எண் வந்த ஜோடிதான் அதிக ஆபத்து என்று நினைக்காதீர்கள். பிரெட்னிசோன் உடம்புக்குள் போனதும் கல்லீரலில் பிரெட்னிசோலோனாகத்தான் மாறுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றது போனால் தவறுதான், ஆனால் செயல் ஒரே வகை. ஹைட்ராக்சிசின் அரிப்புக்குக் கொடுப்பது. ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. அரிப்புக்கு வந்தவர் ஹைட்ரலசினைச் சாப்பிட்டால் அழுத்தம் இறங்கிக் கீழே விழலாம். லோசெக், லாசிக்ஸ் இரண்டுக்கும் ஆங்கில எழுத்தில் தூரம் ஐந்துக்கு மூன்று. கணக்குப்படி தூரம் அதிகம். ஆனாலும் கையெழுத்தில் குழம்பியது.

ஆகவே ஷீட்டில் இன்னொரு காலம் வேண்டும்: மாறிப் போனால் என்ன கேடு? அதை மொழியியல் மாணவர் நிரப்ப முடியாது. பார்மசி மாணவர்தான் நிரப்ப வேண்டும். கூட்டு ஆய்வு என்பதன் அர்த்தம் இதுதான்.

வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பெரியவர்கள் மாத்திரைப் பெயரைத் தமிழில் எழுதி வைப்பார்கள், அல்லது போனில் பேசி டைப் ஆக வைப்பார்கள். ஒரே மருந்தை மெட்ஃபார்மின், மெட்பார்மின், மெட்பர்மின் என்று மூன்று விதமாக எழுதுவதும் நடக்கிறது. மெட்பார்மின், மெட்பர்மின் இரண்டுக்கும் தூரம் 0.08. இவை ஒரே மருந்து. பிரெட்னிசோன் ஜோடியின் தூரம் 0.14. அவை இரண்டு மருந்து. இந்த நூலிழை வித்தியாசத்தில் எந்த ஆட்டோ கரெக்டையும் நம்ப முடியாது. மருந்துப் பெயரை மட்டும் அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அட்டையைப் போட்டோ எடுத்து வைப்பது அதைவிட நல்லது. கூடவே எதற்காக அந்த மாத்திரை என்பதையும் எழுதி வையுங்கள். "அரிப்புக்கு" என்று ஒரு சொல் இருந்தால், பெயர் குழம்பினாலும் காரணம் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது ஆய்வு: நோயாளி சொல்வது என்ன?

மருந்து சரியாகவே போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டவருக்கு ஏதோ செய்கிறது. அதை அவர் சொல்கிறார். எப்படிச் சொல்கிறார்?

இந்தியாவில் பக்க விளைவுகளைக் கண்காணிக்கும் திட்டம் 2010ல் தொடங்கியது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் மட்டுமல்ல, நோயாளியே நேரடியாகப் புகார் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் உண்டு. 1800 180 3024 என்ற இலவச எண்ணில் போனிலும் சொல்லலாம். இப்படிச் சேரும் தகவல்கள் சுவீடன் நாட்டில் உப்சாலா நகரில் உள்ள மையத்தின் உலகத் தொகுப்புக்கும் போகின்றன. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் கை கால் ஊனமாகப் பிறந்த கொடுமை 1961ல் வெளியே தெரிந்த பிறகு, 1968ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ஏற்பாடு அது.

உப்சாலா தொகுப்பில் உள்ள சொற்கள் மருத்துவ ஆங்கிலம். எங்கள் பக்கத்துப் பாட்டி சொல்வது வேறு. "தலை கிறுகிறுன்னு வருது", "கண்ணு இருட்டிக்கிட்டு வருது", "வயித்த பொரட்டுது", "உடம்பெல்லாம் நமநமங்குது", "காலு மதமதன்னு மரத்துப் போச்சு", "நெஞ்சு படபடங்குது". இந்த வாக்கியங்களைச் சரியான மருத்துவச் சொல்லோடு இணைப்பதுதான் ஆய்வு.

எக்செல்லில் ஐந்து காலம் போடுங்கள். முதலில், நோயாளி சொன்ன வாக்கியம், சொன்னபடியே. இரண்டாவது, நூல் தமிழில் அதன் பொருள். மூன்றாவது, மருத்துவச் சொல். நான்காவது, சாப்பிடும் மருந்துகள். ஐந்தாவது, மருந்து தொடங்கியதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா.

முதல் காலத்தைத் திருத்தி "நல்ல தமிழ்" ஆக்கிவிடாதீர்கள். "மயக்கமா வருது" என்பதை "மயக்கம்" என்று சுருக்கி எழுதினால் ஆய்வே போய்விடும். ஏனென்றால் மயக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. தலைசுற்றல், நினைவு தப்புதல், தூக்கக் கலக்கம், சிலர் பேச்சில் குமட்டலும்கூட. அலர்ஜி மாத்திரைக்குத் தூக்கக் கலக்கம் எதிர்பார்த்ததுதான். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டவருக்கு வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வந்தால், சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இதைப் பிரிப்பதற்குப் பக்கத்தில் வரும் சொற்கள்தான் உதவும். கணினி மொழியியலில் இதைப் பொருள் மயக்கம் நீக்குதல் என்பார்கள். மயக்கத்தில் இருக்கும் மயக்கத்தை நீக்க வேண்டும்!

நான்காவது காலம் ஏன் என்றால், ஒரே வாக்கியம் மருந்துக்கு மருந்து எடை மாறும். "வெளிக்கி கருப்பா போகுது" என்று ஒருவர் சொல்கிறார். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கு அது சாதாரணம். வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர் சொன்னால் வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம். "காலு வீங்குது" என்பது அம்லோடிபின் சாப்பிடுபவரிடம் தெரிந்த பக்க விளைவு. "வறட்டு இருமல் விடவே மாட்டேங்குது" என்பது எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவரிடம் தெரிந்தது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது பயப்பட வேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார். அதுதான் பெரிய ஆபத்து.

ஐந்தாவது காலம் காரணத்தைப் பற்றியது. மருந்துக்குப் பின் வந்தது எல்லாம் மருந்தால் வந்தது ஆகாது. 1981ல் வெளியான நரான்ஹோ அளவுகோலில் இதற்குப் பத்துக் கேள்விகள் உள்ளன. மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும் இருக்கலாம், 1 முதல் 4 வரை இருக்கக்கூடும், 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் சந்தேகம்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

ஐம்பது வாக்கியம் சேர்ந்ததும் தேடிப் பாருங்கள். டேட்டா மெனுவில் ஃபில்டர் போட்டு, டெக்ஸ்ட் ஃபில்டர்ஸில் கன்டெய்ன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். "மயக்கம்" என்று கொடுத்தால் "மயக்கமா", "மயக்கத்துல" இரண்டும் விட்டுப் போகும். "மயக்க" என்று மட்டும் கொடுங்கள், மூன்றும் வரும். சொல்லின் மாறாத பகுதியைத் தேடுவதுதான் தந்திரம். இதையே தானாகச் செய்யும் அடிச்சொல் நிரல்கள் தமிழுக்கும் உண்டு. ஸ்னோபால் தொகுப்பில் தமிழ் இருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆய்வாளரின் முயற்சியில் உருவான தமிழி மார்ஃப் வினைச் சொற்களையும் பிரித்துக் காட்டும். ஆனால் இவை எல்லாம் எழுத்துத் தமிழுக்கு நன்றாகவும் பேச்சுத் தமிழுக்குச் சுமாராகவும் வேலை செய்யும். "வருகிறது" புரியும், "வருது", "வர்றது", "வர்து" எல்லாவற்றையும் நாம்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது "இல்லை". "மயக்கம்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்ற வாக்கியத்தையும் ஃபில்டர் பிடித்துக்கொண்டு வந்துவிடும். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் முன்னால் வரும். தமிழில் கடைசியில் வரும். அதனால் வாக்கியம் முடியும் வரை பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. இல்லை, இல்ல, இல்லீங்க, கிடையாது, வரல, போயிடுச்சு என்று தனிப் பட்டியல் போட்டு, அவை வரும் வாக்கியங்களைத் தனியே பிரித்துக் கண்ணால் படியுங்கள்.

மூன்றாவது, ஃபாண்ட் தொல்லை. பழைய தட்டச்சு ஃபைல்கள் பாமினி, டாம், டாப் போன்ற குறியீடுகளில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் இரண்டு இடங்களில் கோளாறு வரும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. இதை நார்மலைஸ் செய்து சரிசெய்யலாம். இன்னொன்று ஔகாரம். மருந்துக்குப் பழைய சொல் ஔடதம். இதை ஔ என்ற ஒரே எழுத்தால் டைப் செய்வது சரி. ஒ, ள என்று இரண்டு எழுத்தால் ஒளடதம் என்று டைப் செய்பவர்கள் ஏராளம். இதை நார்மலைஸ் செய்தாலும் சரியாகாது. ரீப்ளேஸ் கொடுத்து மாற்ற வேண்டும். அதிலும் "ஒளி", "ஒளிவு" போன்ற சரியான சொற்கள் கெட்டுப் போகாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இருவர் குறித்தால்தான் நம்பலாம்

மூன்றாவது காலத்தை ஒருவரே நிரப்பினால் அது அவருடைய அபிப்பிராயம். இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்ப வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, 100 வாக்கியங்களில் "தலைசுற்றல் உண்டா, இல்லையா" என்று இருவர் குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் உண்டு என்றது 30. இருவரும் இல்லை என்றது 50. ஒருவர் உண்டு, மற்றவர் இல்லை என்றது இரு பக்கமும் 10, 10. ஒற்றுமை 80 சதவீதம். நன்றாகத்தானே இருக்கிறது?

ஆனால் குருட்டாம்போக்கில் குறித்தாலும் கொஞ்சம் ஒத்துப் போகும். இருவருமே 40 இடங்களில் உண்டு, 60 இடங்களில் இல்லை என்கிறார்கள். தற்செயலாக ஒத்துப் போக வாய்ப்பு: 0.4ஐ 0.4ஆல் பெருக்கினால் 0.16. 0.6ஐ 0.6ஆல் பெருக்கினால் 0.36. மொத்தம் 0.52. இதைக் கழித்துப் பார்க்கும் வழியை ஜேக்கப் கோஹன் 1960ல் சொன்னார். 0.80ல் 0.52 போனால் 0.28. 1ல் 0.52 போனால் 0.48. 0.28ஐ 0.48ஆல் வகுத்தால் 0.58. இதற்குக் கப்பா என்று பெயர். 80 சதவீதம் என்று பெருமையாகச் சொன்னது 0.58க்கு இறங்கிவிட்டது. ஒத்துப் போகாத அந்த 20 வாக்கியங்களை எடுத்து இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வில் மிகவும் பயனுள்ள நேரம் அதுதான். எந்தச் சொல் எங்கே வழுக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம்

நோயாளி பேச்சைச் சேகரிப்பது சினிமா பாட்டைச் சேகரிப்பது போல அல்ல. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படியுங்கள். நோயாளியிடம் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். பெயர், ஊர், போன் எண் எதுவும் ஷீட்டில் இருக்கக் கூடாது. சிறிய ஊரில் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "மூன்று பிள்ளை பெற்ற டீக்கடைக்காரம்மா" என்று குறிப்பு எழுதினால் அதுவே முகவரிதான். ஆன்லைன் மொழிபெயர்ப்பு, செயற்கை நுண்ணறிவு சேவைகளில் நோயாளி வாக்கியங்களை அப்படியே பேஸ்ட் செய்வதும் கூடாது. அங்கே போடும் எதுவும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போய்விட்டது என்றுதான் பொருள்.

வீட்டில் பயிற்சி செய்ய விரும்புபவர்கள் நோயாளியைத் தேட வேண்டாம். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள பெயர்களை எடுத்துக்கொண்டு, ஜோடி ஜோடியாகக் கட்டம் போடுங்கள். எந்த இரண்டு பெயருக்குத் தூரம் 0.30க்கும் கீழே வருகிறதோ, அந்த இரண்டு அட்டைகளையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். புதிய மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பில் ஏதாவது மாறுதல் தெரிந்தால், அதை உங்கள் சொந்தப் பேச்சிலேயே தேதியோடு எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். "மயக்கம்" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எழுந்தபோதா, சாப்பிட்ட பின்பா, தலை சுற்றியதா, கண் இருட்டியதா என்று எழுதுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

தமிழில் இப்படிப்பட்ட சொல் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று தேவை. கடலூர்ப் பக்கம் சொல்வதை நெல்லைக்காரர் வேறு விதமாகச் சொல்வார், யாழ்ப்பாணத்தவர் இன்னும் வேறு விதமாகச் சொல்வார். இரண்டு மாணவர்கள், ஒரு கம்ப்யூட்டர், ஐந்து காலம் உள்ள ஒரு ஷீட் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் ஐம்பது வாக்கியம் சேர்ந்ததும் கப்பா போட்டுப் பாருங்கள். 0.58ஐத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும்.